அடித்தால் படியுமா குதிரை?

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. மிரளும் குதிரை விஷயத்திலும் உலகம் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தது. ஆனால் அது தவறு என்று ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அவர் சொன்னதைக் கைவிடுவதும், பிறகு புதிதாகக் கண்டுபிடிப்பதுமாகவே குதிரையேற்றத்தின் வரலாறு நகர்ந்திருக்கிறது. அந்தக் கதையை இக்கட்டுரையில் பார்ப்போம்.

குதிரை ஏன் மிரளுகிறது?

குதிரை புல் மேயும் பிராணி. சிங்கம், ஓநாய் போன்றவற்றுக்கு இரையாகாமல் தப்பிப் பிழைத்த இனம். "முதலில் ஓடு, பிறகு பார்" என்பதுதான் அதன் இயல்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க முடியும். நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும் மட்டும் தெரியாது. எனவே காற்றில் பறக்கும் ஒரு காகிதம் நமக்குக் குப்பை. அதற்கோ பாய வரும் எதிரி!

நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி ஒரு நொடியில் பக்கவாட்டில் துள்ளினால் மேலே இருப்பவர் கதி என்ன? எலும்பு முறியலாம், உயிரே போகலாம். அதனால்தான் இந்தக் கேள்வி அன்றைய போர்வீரர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது.

செனோபோன் சொன்ன வழி

ஏதென்ஸ் நகரத்தைச் சேர்ந்த செனோபோன் (சுமார் கி.மு. 430 - 354) சாக்ரடீசின் மாணவர், படைத்தலைவர். குதிரையேற்றக் கலை பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. கோபத்தோடு குதிரையின் அருகில் போகவே கூடாது என்கிறார் அவர். குதிரை ஒரு பொருளைக் கண்டு பயந்தால் நாமே முதலில் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு குதிரையை மெதுவாக அருகில் கூட்டிப் போக வேண்டும். அடித்து இழுத்தால் பயம் கூடும். ஏனென்றால் அடியின் வலியும் அந்தப் பொருளால்தான் வந்தது என்று குதிரை நினைத்துக்கொள்ளும். இளம் குதிரையைக் கூட்டத்துக்குள் நடத்திப் பலவிதக் காட்சிகளுக்கும் சத்தங்களுக்கும் பழக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

இதே அறிவை ஒரு சிறுவனிடமும் காண்கிறோம். மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் 13 டேலண்ட் விலைக்கு ஒரு குதிரை கொண்டுவரப்பட்டது. யாரையும் அது ஏறவிடவில்லை. அடங்காத குதிரை என்று திருப்பி அனுப்பச் சொன்னார் மன்னர். அது தன் நிழலைப் பார்த்துத்தான் மிரளுகிறது என்பதை மகன் அலெக்சாண்டர் மட்டும் கவனித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? சூரியனை நோக்கி அதைத் திருப்பி நிறுத்தினான், தடவிக் கொடுத்தான், அடிக்காமல் ஏறி ஓட்டினான் என்கிறார் வரலாற்றாசிரியர் புளூட்டார்க். அதுதான் புகழ்பெற்ற புசெபலஸ். கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரைப் போரை ஒட்டி அது இறந்தபோது, அதன் பெயரில் அலெக்சாண்டர் ஒரு நகரத்தையே உருவாக்கினார்.

சவுக்கின் காலம்

1550-ல் நேப்பிள்ஸ் நகரத்தின் ஃபெடரிகோ கிரிசோனே எழுதிய குதிரையேற்ற நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. நகர மறுக்கும் குதிரைக்கு அதில் சொல்லப்பட்ட வைத்தியங்கள் கொடூரமானவை. கம்பில் கட்டிய பூனையைக் காட்டி மிரட்டுவது, வாலுக்கு அடியில் முள்ளெலியைக் கட்டுவது, நெருப்பைக் காட்டுவது! பயத்தைப் பிடிவாதம் என்று தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு இது.

பிரான்சில் மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினெல் இதை மாற்றினார். தண்டனையைக் குறைத்து, தட்டிக்கொடுப்பதைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மறைவுக்குப் பின் 1623-ல் அவரது நூல் வெளிவந்தது.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் ஜான் ராரி. 1858-ல் இங்கிலாந்தில், யாரும் நெருங்க முடியாமல் வாயில் இரும்புக்கூடு மாட்டி அடைத்து வைக்கப்பட்டிருந்த குரூசர் என்ற குதிரையை அவர் அடக்கிக் காட்டினார். விக்டோரியா மகாராணியும் அவரது வித்தையைப் பார்த்தார். முரசுக்கு மிரளும் குதிரைக்கு ராரி சொன்ன வழி எளிமையானது. முதலில் முரசை முகர்ந்து பார்க்க விடு, பிறகு லேசாகத் தட்டு, மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டு. ஆனால் காலை வாரால் கட்டிக் குதிரையைப் படுக்க வைத்த அவரது இன்னொரு முறையை இன்று பலரும் ஏற்பதில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது?

2006-ல் டென்மார்க் நாட்டு இளம் குதிரைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. அசையும் வெள்ளை நைலான் பையைக் கண்டு மிரளாமலிருக்க மூன்று விதங்களில் பழக்கினார்கள். படிப்படியாகப் பழக்கிய குதிரைகளே குறைவாக மிரண்டன, விரைவாகவும் கற்றன.

2009-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு இன்னும் சுவையானது. குதிரையோடு ஒரே தடத்தில் நான்கு முறை போக வேண்டும். நான்காவது முறை போகும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத்துடிப்பு கூடியது. எதுவும் தெரியாத குதிரையின் துடிப்பும் கூடியது! நம் பயம் குதிரைக்கும் தொற்றிக்கொள்கிறது.

இதன் மறுபக்கத்தை 1981 ஜூன் 13 அன்று லண்டனில் உலகம் பார்த்தது. அணிவகுப்பில் பர்மீஸ் என்ற குதிரையில் வந்த எலிசபெத் ராணியை நோக்கி ஓர் இளைஞன் ஆறு முறை வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டான். குதிரை மிரண்டது. ராணி பதறாமல் சில நொடிகளில் அதை அமைதிப்படுத்தி, அணிவகுப்பைத் தொடர்ந்தார். அவர் 1969 முதல் ஏறிப் பழகிய குதிரை அது.

முடிவாக...

குதிரை மிரண்டால் முதலில் நம் மூச்சைச் சீராக்க வேண்டும். பிறகு அது எதைப் பார்த்தது என்று பார்க்க வேண்டும். அந்தப் பொருளைத் தூரத்திலிருந்து காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். சாதுவாக இருந்த குதிரை திடீரென்று துள்ளத் தொடங்கினால் பல்லிலோ முதுகிலோ வலி இருக்கலாம், சேணம் உறுத்தலாம், கண் பார்வை குறைந்திருக்கலாம். அப்போது கூப்பிட வேண்டியது கால்நடை மருத்துவரை; எடுக்கக் கூடாதது சவுக்கை.

அடித்தால் குதிரை படியாது. பயப்பட இன்னொரு காரணத்தைக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.