கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி ஆக என்ன தேவை?

2018 ஆகஸ்டில், சிரம்பானிலிருந்து ஷா ஆலமுக்குக் கொண்டு செல்லும் வழியில் 23 கிலோ எடையுள்ள ஒரு கருவி காணாமல் போனது. அதனுள் இருந்தது இரிடியம்-192. குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று படமெடுத்துப் பார்க்க உதவும் கதிரியக்கப் பொருள் அது. கவசத்தைப் பிரித்துக் கையில் எடுப்பவருக்கு உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட பொருள் எங்கே இருக்கிறது, யார் எடுத்துச் சென்றார் என்று கணக்கு வைப்பவர்தான் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் இவரை நியமிக்க வேண்டும். அரசுத் தரப்பும் ஒப்புதல் தர வேண்டும். சான்றிதழ் மட்டும் இருந்தால் வேலை வந்துவிடாது. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் பயிற்சி நடத்துகிறது, தேர்வும் உண்டு. இயற்பியல் படித்தவர்களுக்குச் சற்று எளிது. தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகக் குறையும். ஊழியருக்கு ஆண்டு வரம்பு 20 மில்லிசீவர்ட். இந்தக் கணக்குகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். அதைவிடக் கடினம், அவசர வேலை நடக்கும்போது மேலாளரிடமே “நிறுத்துங்கள்” என்று சொல்வது.

மருத்துவமனை, கிளினிக் எக்ஸ்ரே பிரிவுகள் சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அந்தத் துறையில் வேலை தேடுவோர் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.