புதுச்சேரி யாருக்கு மலிவு?

குறைந்த செலவில் வாழ ஏற்ற ஆசிய நகரங்கள் என்று பட்டியல் போடும் கட்டுரைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாங்காக், ஹனோய், ப்னோம் பென்... அறை வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று கணக்கு இருக்கும். யாருக்கு மலிவு என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட பாங்காக் வரை போக வேண்டாம். பிரெஞ்சிந்தியாவின் தலைநகராக இருந்த நம்ம புதுச்சேரியே போதும். இங்கே வந்து தங்கிய "வெளிநாட்டவர்" சிலரின் வரவு செலவைப் பார்ப்போம்.

முதல் வெளிநாட்டவர் யார் தெரியுமா? நம் பாரதியார்தான்! சிரிக்காதீர்கள். 1908-இல் சென்னையில் "இந்தியா" பத்திரிகையின் மீது வழக்கு வந்து, சட்டப்படி ஆசிரியராக இருந்தவர் கைதானார். பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் இருந்தது இரண்டு அரசுகளின் எல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமகன் இங்கே அந்நியன். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்தார். 1911-இல் அந்நியர்களுக்கான சட்டம் வந்தபோது, இவர்கள் இங்கே தங்குவதற்கு ஊர்ப் பிரமுகர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. இன்றைய விசா தொல்லைக்கு அன்றைய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநகரங்களோடு ஒப்பிட்டால் ஊர் சின்னது, வாழ்க்கை எளிது. 1913-இல் அரவிந்தர் குடிபோன பிரான்சுவா மார்த்தேன் தெரு வீட்டுக்கு மாத வாடகை 35 ரூபாய். பரோடா சமஸ்தானத்தில் 750 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவருக்கு அது ஒரு தொகையே இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் இப்போது இல்லையே! 1912-இல் தன் கையில் இருப்பது சுமார் ஒன்றரை ரூபாய்தான் என்று சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்கு எழுதினார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரிடமும் பணம் இல்லை, பாரதியின் நிலையும் அதேதான் என்று அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார்.

ஏன் இப்படி? விலைவாசி அல்ல காரணம். வரவு எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. "இந்தியா" பத்திரிகை 1908 அக்டோபரில் இருந்து புதுச்சேரியில் அச்சானது. ஆனால் அதை வாங்கும் வாசகர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் பகுதியில் இருந்தார்கள். அரசு அங்கே பத்திரிகை நுழையத் தடை போட்டது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது. தபால்களும் வழியிலேயே மறிக்கப்பட்டன. ஒரு மனிதனைப் பட்டினி போட வேண்டுமானால் அரிசி விலையை ஏற்றத் தேவையில்லை, அவனுக்கு வருகிற பணத்தை நிறுத்தினால் போதும். பிரிட்டிஷ் அரசுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்படியானால் பாரதி பத்து வருஷம் எப்படித் தாக்குப் பிடித்தார்? அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். வாடகைக்காக வருவாராம், பாட்டுக் கேட்பாராம், வாடகை கேட்காமலே போய்விடுவாராம். செல்லம்மாள் கடன் வாங்கி வைத்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். நாம் அதைக் கவிஞரின் கருணையாக மட்டும் படிக்கிறோம். அந்த அரிசியைத் தேடிப் போய்க் கடன் வாங்கிய பெண்ணின் கணக்கில் அது எப்படி எழுதப்பட்டிருக்கும்? பாரதிக்குப் புதுச்சேரி மலிவாக இருந்தது என்றால், மிச்சத் தொகையைச் செட்டியாரும் செல்லம்மாளும் கட்டினார்கள் என்று அர்த்தம்.

இனி நேர் எதிரான ஒரு கணக்கு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. சுமார் 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். இந்தோசீனாவிலும் மற்ற இடங்களிலும் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஊரில் நிறைய உண்டு. ஊர் வழக்கில் அவர்கள் "சொல்தா". இவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், வீட்டில் தமிழ் பேசுபவர்கள், ஆனால் பாஸ்போர்ட்டில் அந்நியர்கள்! பாரதி மாதிரியே. ஒரே வித்தியாசம், இவர்களின் ஓய்வூதியம் பிரான்சிலிருந்து தடையில்லாமல் வந்தது.

அந்தத் தடையில்லாத வரவு என்ன செய்யும் என்று பாருங்கள். பிராங்க் போய் யூரோ நோட்டு வந்தது 2002-இல். அப்போது ஒரு யூரோ 45 ரூபாய்க்கும் குறைவு. 2008-இல் 60-ஐத் தாண்டியது. 2025-இல் 100-ஐயும் தாண்டிவிட்டது. மாதம் 1,000 யூரோ வாங்கும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2002-இல் அது 45,000 ரூபாய்கூட இல்லை, 2025-இல் ஒரு லட்சம். அவர் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வேலை செய்யவில்லை. இந்த ஊர் விலைவாசியும் ஏறியது உண்மைதான். ஆனால் அவருடைய வரவும் ரூபாயில் தானாக ஏறியது. பக்கத்து வீட்டுக் கடைச் சிப்பந்திக்கு அந்த வசதி இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வரனுக்குக் கல்யாணச் சந்தையில் ஏன் அவ்வளவு மவுசு என்பது இப்போது புரியும்!

1968-இல் ஆரோவில் தொடங்கிய பிறகு வந்தவர்களுக்கும், இன்று கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சு வீடுகளில் மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கும் இதே சூத்திரம்தான். வெளியே சம்பாதி, இங்கே செலவு செய். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் செலவழிக்கும் பணத்தால் பலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் ஒரு தெருவில் வாடகையை யூரோவில் யோசிப்பவர்களும் ரூபாயில் யோசிப்பவர்களும் போட்டி போட்டால் யார் வீட்டைக் காலி செய்வார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? காபிக் கடையில் பரிமாறும் பெண், அதே தெருவில் குடியிருக்க முடியாமல் ஊரின் மறுகோடியிலிருந்து பஸ் பிடித்து வருவாள்.

ஆகவே மலிவு என்பது ஊரின் குணம் அல்ல நண்பர்களே. வரவு எங்கிருந்து வருகிறது, செலவு எங்கே நடக்கிறது என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அது. அந்த இடைவெளி அரவிந்தர், பாரதி காலத்தில் பட்டினியாக இருந்தது, சொல்தா வீட்டில் மாடியாக எழுந்தது. அடுத்த தடவை "மலிவான நகரம்" என்று எங்காவது படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த நாட்டுப் பணத்தில் மலிவு? மிச்சத்தைக் கட்டுகிறவர் யார்?