மலைக்கோயில் கேமராவும் தண்டவாளமும்: கோகுல்ராஜ் வழக்கில் தடயங்கள் சொன்னதும் சொல்லாததும்



சாதியின் பெயரால் கொல்லப்பட்டவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். படத்துக்கு மாலையிடுகிறோம், முழக்கம் எழுப்புகிறோம். ஆனால் வழக்கு என்ன ஆனது என்று கேட்டால், தண்டனை கிடைத்ததா இல்லையா என்பதைத் தாண்டி நம்மில் பலரால் சொல்ல முடிவதில்லை. எந்தத் தடயம் நீதிமன்றத்தில் நின்றது, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்பதை வக்கீல்களின் வேலை என்று விட்டுவிட்டோம். வெண்மணியில் 44 உயிர்களைக் கொளுத்திய வழக்கில், கீழ் நீதிமன்றத் தண்டனையை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டு, தீர்ப்புகளைப் பற்றிக் கோபமாகப் பேசியிருக்கிறோம். சாட்சியங்களைப் பற்றிப் பேசியது குறைவு. இன்று ஒரு வழக்கையாவது தடயத்தின் பக்கத்திலிருந்து படித்துப் பார்ப்போம்.

ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி, வயது 21. 2015 ஜூன் 23ஆம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில், கொங்கு வேளாளக் கவுண்டர் வகுப்பைச் சேர்ந்த கல்லூரித் தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கு வந்த ஒரு கும்பல் இருவரையும் விசாரித்துப் பிரித்தது. கோகுல்ராஜைக் கூட்டிச் சென்றது. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில், தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவர் உடல் கிடந்தது. சட்டைப்பையோ கால்சட்டைப்பையோ, அதில் ஒரு தற்கொலைக் கடிதம் இருந்தது என்பதுதான் முதல் செய்தியாக ஊருக்குள் பரவியது. காதல் தோல்வியால் சாகிறேன் என்று அவரே பேசும் ஒரு வீடியோவும் பின்னர் வெளியே வந்தது.

பெண் பாதி ஆண் பாதி என்று கடவுளை வைத்து வணங்கும் மலை அது. ஓர் ஆணும் பெண்ணும் அங்கே உட்கார்ந்து பேசச் சாதி பார்க்க வேண்டியிருந்தது. அதே ஊரின் எதிர்ப்பால், ஐந்து மாதங்களுக்கு முன்புதான், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவித்திருந்தார். இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. அந்த 2015ஆம் ஆண்டில் அங்கு வீசிய காற்று எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்கிறோம்.

தண்டவாளத்துக்கு வருவோம். அது நமக்குப் புதிய இடமல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013 ஜூலை 4ஆம் தேதி தர்மபுரியில் இளவரசனின் உடல் தண்டவாளத்து ஓரத்தில்தான் கிடந்தது. அங்கும் ஒரு கடிதம் பேசப்பட்டது. உயர் நீதிமன்றம் வரை போய் எய்ம்ஸ் மருத்துவர்களைக் கொண்டு மறு உடற்கூராய்வு நடந்தது. பிறகு நீதிபதி சிங்காரவேலு ஆணையம் அதைத் தற்கொலை என்றே முடித்தது. அந்த முடிவை ஏற்காதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தண்டவாளத்தில் கிடக்கும் உடல், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே 'தற்கொலை' என்ற சொல்லைத் தானே சொல்லிவிடுகிறது. ரயில்வே காவல் நிலையத்தில் அது சந்தேக மரணமாகப் பதிவாகும். கொலை நடந்த ஊரின் காவல் நிலையத்தில் காணாமல் போனவர் புகார் தனியாகக் கிடக்கும். இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பேசுவதற்குள் தடயம் காய்ந்துவிடும்.

தடய மருத்துவம் இதில் என்ன செய்ய முடியும்? உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிந்து ஊறியிருக்கும்; இறந்த பின் பட்ட காயத்தில் அப்படி இராது. ரயில் சக்கரம் ஏறிய இடம் நசுங்கிச் சிதைந்திருக்கும், கருமையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். கூர்மையான ஆயுதம் பட்ட விளிம்பு வேறு மாதிரி இருக்கும். தண்டவாளத்து ஜல்லியில் எவ்வளவு ரத்தம் கிடந்தது என்பதே ஒரு சாட்சி. இவை எல்லாம் பாடநூலில் உள்ளவை. ஆனால் கழுத்தை நெரித்ததற்கான அடையாளம் எங்கே இருக்கும்? கழுத்தின் தசையிலும் தொண்டையின் சிறு எலும்பிலும். கழுத்தே துண்டாகிப்போன உடலில் அந்த அடையாளத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். தண்டவாளம் பொய்க் கதை சொல்வதோடு நிற்பதில்லை. உண்மைக் கதையை எழுதி வைத்திருந்த பக்கத்தையும் கிழித்துவிடுகிறது.

அதனால்தான் அந்த முதல் நாட்களில் குடும்பமும் இயக்கங்களும் உடலை வாங்க மறுத்து நின்றது இவ்வளவு முக்கியமானது. சேலம் அரசு மருத்துவமனை முன் நடந்ததை வெறும் உணர்ச்சிப் போராட்டம் என்று அன்று சிலர் எழுதினார்கள். அது உணர்ச்சிப் போராட்டம் மட்டுமல்ல, தடயப் பாதுகாப்பும்கூட. சந்தேக மரணமாகப் பதிவானது கொலை வழக்காகவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காகவும் மாறியது அந்த நெருக்கடியின் பின்னர்தான். சட்டப் பிரிவு மாறினால் விசாரிக்கும் அதிகாரியின் பதவி மாறும், தேடப்படும் பொருள் மாறும். வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி.

அப்படி விசாரித்தவர் திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுப்பிரியா. அவரும் தலித். 2015 செப்டம்பர் 18ஆம் தேதி தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். மத்தியப் புலனாய்வுத் துறை அதைத் தற்கொலை என்று முடித்தது. முதல் குற்றவாளியான யுவராஜ், தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் நிறுவனர், அப்போது தலைமறைவாக இருந்தார். தலைமறைவு என்றால் ஒளிந்து வாழ்வது என்று பொருள். இவரோ வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை அனுப்பிக்கொண்டும், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டும் இருந்தார். நூறு நாட்களுக்கு மேல் கழித்து, அக்டோபர் 11ஆம் தேதி, நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்தில் ஊர்வலம் போலக் கூட்டத்தோடு வந்து சரணடைந்தார்.

இனி கேமரா. மலைக்கோயிலில் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. உண்டியலைக் காக்கவும் கூட்டத்தைப் பார்க்கவும் வைத்தவை. அவற்றில் கோகுல்ராஜும் ஒரு பெண்ணும் கோயிலுக்குள் இருப்பதும், யுவராஜும் அவருடைய ஆட்களும் வந்து போவதும் பதிவாகியிருந்தன. இந்த வழக்கின் முதுகெலும்பு அந்தப் பதிவுதான். எதிர்த்தரப்பு அதை உடைக்க முழு பலத்தையும் செலவிட்டது ஏன் என்பதும் அதனால் புரியும்.

மின்னணுச் சாட்சியத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்றொரு பிரிவு உண்டு. கணினியிலிருந்து எடுத்த நகலைத் தாக்கல் செய்தால், அது எந்தக் கருவியில் எப்படிப் பதிவானது, யார் எடுத்தது என்று சான்றிதழ் தர வேண்டும். அன்வர் வழக்கில் 2014இலும் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இலும் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக்கியது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தால் சான்றிதழ் வேண்டாம். நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பதிவுக் கருவியைக் கழற்றிய நாள், முத்திரை வைத்த நாள், ஆய்வகத்துக்குப் போன நாள், திரும்பிய நாள் என்று ஒவ்வொரு நாளிலும் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டைக்குள் முழு வழக்கையும் இழுத்துச் செல்வார். ஒரு தலித் இளைஞன் கொலையில் குற்றவாளிகள் தப்புவது ஆதிக்கத்தால் மட்டுமல்ல, ஒரு தாளில் கையெழுத்து இல்லாததாலும் நடக்கும். ஆதிக்கம் அந்தக் கையெழுத்தைப் போட விடாமலும் செய்யும்.

மனிதர்கள் மாறினார்கள். கோயிலில் உடனிருந்த தோழி, நடந்ததை முதலில் நடுவர் முன் வாக்குமூலமாகச் சொல்லியிருந்தார். விசாரணையில் பிறழ் சாட்சியானார். நடுவர் முன் கொடுத்த வாக்குமூலம், சாட்சிக் கூண்டில் நின்று சொல்லாதவரை தனித்து நிற்கும் சாட்சியமாகாது. அந்தப் பெண்ணை ஏசுவதில் நமக்கு விருப்பமில்லை. சாதிக்குள்ளேயே வாழ்ந்தாக வேண்டியவரிடம் சாதிக்கு எதிராகத் தனியாக நில் என்று கேட்டோம். அவர் நிற்கக் கூடிய இடம் ஒன்றை அரசும் சமூகமும் உண்டாக்கித் தரவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இழப்பு இழப்புதான். 2022 நவம்பரில் மதுரையில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அவரை நேரில் வரவழைத்து கேமராப் பதிவைக் காட்டினார்கள். அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிமன்றம் அவர்மீது அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது.

அந்த நீதிபதிகள் 2023 ஜனவரியில் மலைக்கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் இடத்தைப் பார்க்கப் போவது அபூர்வம். கேமரா எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறது, ஆள் எந்த வாசல் வழியாக வெளியேற முடியும் என்பதெல்லாம் தாளில் படித்தால் விளங்காது.

தீர்ப்பை நேர்மையாக எடை போடுவோம். தாயின் மனுவால் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது, ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக நடத்தினார். 2022 மார்ச் 5ஆம் தேதி 10 பேர் குற்றவாளிகள் என்றும் 5 பேர் விடுதலை என்றும் தீர்ப்பு வந்தது. யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் சிறை. 2023 ஜூன் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இருவருக்கு மட்டும் ஆயுளை 5 ஆண்டுகளாகக் குறைத்தது. ஐவரின் விடுதலையில் தலையிடவில்லை. நாம் ஐவர் விடுதலையைச் சதி என்று மட்டும் பேசிவிட்டால் பாடம் தவறிப்போகும். கொலையை நேரில் பார்த்த சாட்சி யாருமில்லை. கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் இடைப்பட்ட மணிநேரங்களை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. கடைசியாக யாருடன் உயிரோடு காணப்பட்டார், அவர்கள் அதற்கு என்ன விளக்கம் தந்தார்கள் என்ற சூழ்நிலைச் சாட்சியச் சங்கிலியில்தான் இத்தகைய வழக்கு நிற்கும். சங்கிலியோடு எவரைக் கண்ணிபோட முடிந்ததோ அவர் மாட்டுவார். முடியாதவர் வெளியே போவார்.

உடுமலை சங்கர் வழக்கு இதற்கு மறுபக்கம். 2016 மார்ச் 13ஆம் தேதி பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டியதைக் கேமரா முழுதாகப் பார்த்தது. கௌசல்யா கடைசிவரை பிறழாமல் நின்றார். விசாரணை நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22ஆம் தேதி உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்தது; வெட்டியவர்களின் மரண தண்டனையை ஆயுளாக்கியது. அரிவாள் பிடித்த கையைக் கேமரா காட்டும். ஏவிய வாயைக் காட்டாது. அதற்குத் தொலைபேசிப் பதிவும் பணம் போன வழியும் வேண்டும். அவற்றையும் முதல் வாரத்திலேயே திரட்டியாக வேண்டும்.

கண்ணகி முருகேசன் வழக்கில் கேமராவும் இல்லை, உடலும் இல்லை. 2003 ஜூலை 8ஆம் தேதி விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் இருவர் காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று உடல்களைத் தனித்தனியே எரித்தார்கள். சாம்பலில் நஞ்சைத் தேட முடியாது. உள்ளூர்க் காவல்துறை இரு தரப்பும் கொன்றதாகக் கதை கட்டி, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மீதே வழக்குப் போட்டது. வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றோர் விடாமல் போராடி, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறி, 2021 செப்டம்பர் 24ஆம் தேதிதான் கடலூரில் தீர்ப்பு வந்தது. 18 ஆண்டுகள். தண்டிக்கப்பட்ட 13 பேரில் காவல் அதிகாரிகள் இருவர். அந்த வழக்கு மனிதர்களின் நினைவை நம்பி நின்றது. முருகேசனின் குடும்பத்தார் பதினெட்டு ஆண்டுகள் அந்த நினைவைச் சுமந்தார்கள். ஆய்வகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தாய்மார் கூட்டம் செய்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசமும் தந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதியச் சொல்கிறது; அது 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம். களத்துக்குப் போகும் தோழர்கள் முதல் நாளே மனுவில் எழுதிக் கேட்க வேண்டியவை இவை. பக்கத்துக் கடை, கோயில், சுங்கச்சாவடி ஆகியவற்றின் கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து அதன் மேல் புதியது பதிவாகிவிடும். அதை எடுத்து வைக்கக் கோரும் மனுவைக் கண்டன அறிக்கைக்கு முன்பே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கோகுல்ராஜ் வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் சாட்சியப் பகுதியை மட்டுமாவது தமிழாக்கி, எந்தத் தடயம் எந்தப் பக்கத்தில் ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்று ஓரக்குறிப்புடன் ஒரு சிறு நூலாகக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சட்டக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் முன்வந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வந்து பெயர் கொடுங்கள்.