கூட் நகர் முற்றுகையும் வீரர் பசியும்

பகைவன் அரணை வளைத்துக் கோடலை உழிஞை என்றும், உள்ளிருந்து அரணைக் காத்தலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை உடையார் வகுத்துரைத்தார். ஆவூரை நலங்கிள்ளி வளைத்தபோது, உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர் கிழார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உளது. உணவின்றி வருந்தும் யானைகளையும், பாலின்றி அழும் குழவிகளையும் எடுத்துக் காட்டி, ஒன்று வாயிலைத் திற, அன்றேல் வெளிப்போந்து பொருக என்று அப்புலவர் இடித்துரைத்தார். முற்றுகையில் வாளினும் கொடியது பசி என்பதை அவர் நன்கறிந்தவர்.

இப்பாட்டை யாம் வகுப்பிற் பயிற்றுங்கால், பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் முற்றியிருந்த காலத்துக் குருவிகள் காலையிற் சென்று மாலையில் நெற்கதிர் கொணர்ந்தன என்னும் அகநானூற்றுச் செய்தியையும் உடன் கூறுதல் வழக்கம். மாணவனொருவன், “வானத்தின் வழியே சோறு வருமா, ஐயா?” என்று வினவினான். வந்த கதை உண்டு. அது வந்தும் போதாத கதை என்றோம். அக்கதையே ஈண்டுக் கூறப்படுவது. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் பெரும்போரைப் பற்றி எழுதுவோர் பலரும் பிரான்சு நாட்டுப் பதுங்கு குழிகளையே விரித்துரைப்பர். மெசபொடேமியாவில் நம் நாட்டு வீரர் பட்ட பாட்டை எடுத்துரைப்போர் சிலரே.

டைகிரிசு ஆற்றங்கரையில், பாக்தாதுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில் உள்ளது கூட்-அல்-அமாரா என்னும் சிற்றூர். ஆறு வளைந்து செல்லுதலின் மூன்று புறமும் நீரே அகழியாக அமைந்த இடம் அது. 1915 நவம்பரில் பாக்தாதைக் கைப்பற்றக் கருதிச் சென்ற ஆறாம் பூனாப் படைப்பிரிவு, டெசிபன் என்னுமிடத்தில் துருக்கியரொடு பொருது, 4,000-க்கு மேற்பட்டோர் மாண்டும் புண்பட்டும் போகப் பின்வாங்கி, டிசம்பர் 3-ஆம் நாள் இவ்வூரை அடைந்தது. தலைவர் டவுன்ஷெண்ட் என்னும் ஆங்கிலேயர். மராட்டியர், பஞ்சாபியர், இராசபுத்திரர், கூர்க்கர் ஆகிய இந்திய வீரரே படையிற் பெரும்பாலோர். டிசம்பர் 7-ஆம் நாள் துருக்கியர் ஊரை வளைத்துக்கொண்டனர். போர்வீரரும் ஏவலருமாக ஏறத்தாழ 15,000 பேரும், ஊர்மக்களாகிய அரபியர் 6,000 பேரும் உள்ளே அகப்பட்டனர்.

முதற்பிழை தலைவரிடத்தே நிகழ்ந்தது. கையிருப்பு இரண்டு திங்களுக்கே போதும் என்று டவுன்ஷெண்ட் செய்தி விடுத்தார். வீடுகளைச் சோதித்து மறைந்துள்ள தானியத்தைக் கணக்கிடும் வேலை சனவரியிற்றான் நடந்தது. அப்பொழுதே, குதிரைகளையும் உணவாகக் கொண்டால் இன்னும் மூன்று திங்களளவு தாங்கலாம் என்பது தெரியவந்தது. முதற்செய்தியை நம்பிய துணைப்படையோ, ஆயத்தம் முற்றுப்பெறா முன்னரே, மழையிலும் சேற்றிலும் விரைந்து சென்று மோதியது. சனவரி முதல் ஏப்ரல் வரை அப்படையில் மாண்டோரும் புண்பட்டோரும் ஏறத்தாழ 23,000 பேர். காக்க வேண்டிய தொகையினும் காக்கச் சென்று வீழ்ந்தோர் தொகை பெரிது.

இனி, உள்ளிருந்தோர் நிலையைக் கூறுவாம். சனவரி இறுதியிலிருந்து குதிரைகளை அறுத்து உணவாக வழங்கினர். வெள்ளையர் உண்டனர், இந்திய வீரருட் பெரும்பாலோர் தொடவும் மறுத்தனர். இந்துக்களும் முகம்மதியரும் இதில் ஒருமனப்பட்டிருந்தனர். இந்தியாவிலுள்ள சமயத் தலைவர்களை அரசாங்கத்தார் வேண்ட, ‘ஆபத்துக் காலத்தில் உண்ணுதல் குற்றமன்று’ என்னும் அவர்தம் இசைவும் கம்பியில்லாத் தந்தி வழியே வந்து சேர்ந்தது. அப்பொழுதும் அவ்வீரர் மனம் இசைந்திலர். ‘பெரியோர் இசைந்தாலும் எம் ஊரார் இசையார், திரும்பிச் சென்றால் எமக்குப் பெண் கொடுப்பார் யார்?’ என்பதே அவர்க்கிருந்த அச்சம். குண்டுக்கு அஞ்சாத நெஞ்சம் ஊரார் சொல்லுக்கு அஞ்சியது.

இதன் விளைவை மருத்துவர்கள் குறித்து வைத்துள்ளனர். முற்றுகையின் முதற்பகுதியில் வெள்ளை வீரர்க்குப் பெரிபெரி என்னும் நோய் கண்டது. அவர் உண்டது தவிடு நீக்கிய வெண்மாவினாற் செய்த ரொட்டி. இந்திய வீரர் தவிட்டொடு கூடிய ஆட்டா மாவை உண்டமையின் அந்நோய் அவரை அணுகவில்லை. வெண்மா தீர்ந்து வெள்ளையரும் ஆட்டாவையும் வாற்கோதுமை மாவையும் உண்ண நேர்ந்தபோது, அவர் நோயும் நீங்கிற்று. ஆனால் இந்தியரைப் பற்றியது வேறொரு நோய்: பல் ஈறு வீங்கிக் குருதி கசிந்து, மூட்டுக்கள் நொந்து, ஆறிய புண்ணும் மீளத் திறக்கும் ஸ்கர்வி. புதிய இறைச்சியை உண்ட வெள்ளையரிடம் இது அரிதாகவே காணப்பட்டது. வயல்களிற் களைக்கீரைகளைப் பறித்துச் சமைத்துக் கொடுத்தனர், அது போதவில்லை. உயிர்ச்சத்து என்னும் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி அப்பொழுது தொடக்க நிலையிலேயே இருந்தது. ஓரூரில், ஒரே பசியில், இருவகை உணவு இருவகை நோயைத் தந்த இச்செய்தி அவ்வாராய்ச்சிக்குப் பெரிய சான்றாயிற்று.

ஏப்ரலில் மா ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 4 அவுன்சு அளவிற்குக் குறைந்தது. அப்பொழுதுதான் இந்திய வீரருட் பெரும்பாலோர் குதிரை இறைச்சியை உண்ணத் தொடங்கினர். ஆயின் உடல் முன்னரே நைந்துவிட்டது, உண்டும் தேறவில்லை.

மாணவன் வினவிய வானவழிச் சோறு வந்தது இந்நிலையிற்றான். தானியத்தை அரைக்கும் எந்திரக்கற்களை முன்னரே ஆகாய விமானங்கள் கொணர்ந்து போட்டிருந்தன. ஏப்ரல் நடுவிலிருந்து மா மூட்டைகளையும் பிற பண்டங்களையும் போடலாயின. முற்றுகைப்பட்ட படைக்கு வானவழி உணவு வழங்கிய முயற்சிகளுள் இதுவே முதலாவது என்பர். ஆனால் அக்காலத்து விமானங்கள் சிறியன. ஒவ்வொன்றும் சுமந்தது சில மூட்டைகளே. அவற்றுட் சில ஆற்றிலும், சில துருக்கியர் குழிகளிலும் விழுந்தன. பாரியின் குருவிகள் பறம்பினரைக் காத்தன என்பது புலவர் வாக்கு. இவ்விரும்புக் குருவிகளோ ஒருநாட் பசிக்கும் முழுதும் போதவில்லை.

ஏப்ரல் 24-ஆம் நாள் இரவு, ஜுல்னார் என்னும் நீராவிக் கப்பல் 270 டன் உணவொடு ஆற்றின் வழியே விரைந்தது. துருக்கியர் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த இரும்புக் கயிற்றில் அது சிக்கிக்கொண்டது. பின்னர், 10 இலட்சம் பவுன் தருவதாகவும், பிறகு 20 இலட்சம் தருவதாகவும் துருக்கியர்க்குச் சொல்லியனுப்பினர். அத்தூது சென்றோருள் பின்னாளிற் புகழ்பெற்ற லாரன்சும் ஒருவர். துருக்கியர் மறுத்துவிட்டனர். 1916 ஏப்ரல் 29-ஆம் நாள், 147 நாள் முற்றுகைக்குப் பின், கூட் நகர் பணிந்தது. ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர்.

இதன் பின்னரே பெருந்துயர் தொடங்கிற்று. பசித்துக் கிடந்தவர்க்குத் துருக்கியர் வன்மையான காய்ந்த ரொட்டியைக் கொடுத்தனர். அதனை உண்டு குடல் நொந்து பலர் மாண்டனர். அதிகாரிகள் பாக்தாதுக்குக் கப்பலிற் சென்றனர். வீரரும் ஏவலரும் வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். எஞ்சினோர் பாலையைக் கடந்து இருப்புப்பாதை வேலைக்கு ஓட்டப்பட்டனர். வெள்ளை வீரருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் சிறையில் இறந்தனர்; இந்தியருள் மாண்டோரும் காணாமற்போனோரும் ஆயிரக்கணக்கினர். தலைவர் டவுன்ஷெண்டோ கான்ஸ்டாண்டிநோபிளை அடுத்த தீவொன்றில் நல்ல மாளிகையில் வாழ்ந்தார்.

பசுராவில் 1929-இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். மெசபொடேமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோர்க்கு உரியது அது. வெள்ளையர் பெயர்கள் அதிற் பொறிக்கப்பெற்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உள்ளன. சாதாரண இந்திய வீரர்க்கோ, இன்ன படையில் இத்தனை பேர் என்னும் எண் மட்டுமே. இவ்வேற்றுமைக்காகக் கல்லறைகளைப் பேணும் ஆணையத்தார் 2021-இல் வருத்தந் தெரிவித்தனர். ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்கும் பெயரும் பெருமையும் எழுதிக் கல் நட்ட மரபினராகிய நமக்கு, இச்செய்தி உறுத்தாமற் போகுமோ?

அன்பர்களே, இவ்வரலாற்றில் நம் போன்ற சங்கத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வீரர்தம் உறுதியை இகழ்தல் எம் கருத்தன்று. சாவினும் மானம் பெரிதென்றிருந்தவர் அவர். ஆயின் அவர் அஞ்சியது கடவுளுக்கன்று, சமயத் தலைவர்க்கும் அன்று. தம் ஊராரின் வாய்க்கே. கடல் கடந்து பட்டினியாற் கிடந்த பிள்ளைகளுக்கு, ‘உண்டு பிழைத்து வாருங்கள், நாங்கள் ஒன்றும் சொல்லோம்’ என்று ஊரார் ஒரு கடிதம் எழுதியிருப்பின், எத்தனை தாயர் வயிறு குளிர்ந்திருக்கும்! குலத்தின் கட்டுப்பாடு குலத்தின் பிள்ளைகளைக் காத்தற்பொருட்டு உண்டாயது. பிள்ளைகள் தொலைவிலிருந்து நம்மை எண்ணும்போது, அவர்க்கு முதலில் தோன்றுவது நம் அன்பாக இருத்தல் வேண்டும்; நம் சினமாக இருத்தல் ஆகாது.