ஒரே நாள், ஒரே ஏலம்: தபால்தலையும் தங்க நாணயமும்

2021 ஜூன் 8 அன்று நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில், காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வெய்ட்ஸ்மேன் தன் சேகரிப்பை விற்றார். சிறுவயது முதலே தபால்தலையிலும் நாணயத்திலும் மனதைப் பறிகொடுத்தவர் அவர். அன்று கைமாறியவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், ‘என் பொழுதுபோக்கே என் முதலீடு’ என்று சொல்பவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தபால்தலை. 1856இல் இங்கிலாந்திலிருந்து தபால்தலைகள் வந்து சேரத் தாமதமானதால் உள்ளூரிலேயே அவசரமாக அச்சடித்தது. நான்கு மூலையும் வெட்டுப்பட்ட சிவப்புக் காகிதத்தில் மங்கலாக ஒரு கப்பல். மேலே தபால் குமாஸ்தாவின் கையெழுத்து. உலகில் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1873இல் இதைக் கண்டெடுத்த 12 வயதுச் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். வெய்ட்ஸ்மேன் 2014இல் சுமார் 95 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஏழே ஆண்டில் அது 83 லட்சத்துக்குத்தான் போனது.

இரண்டாவது, 1933ஆம் ஆண்டின் இருபது டாலர் தங்க நாணயம். 4,45,500 நாணயங்கள் அச்சாகியும் புழக்கத்துக்கு வரவில்லை. தங்க நாணயப் புழக்கத்தை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு நிறுத்தியதால், ஏறக்குறைய எல்லாமே உருக்கப்பட்டன. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியது இந்த ஒன்று மட்டுமே. 2002இல் வெய்ட்ஸ்மேன் இதற்குக் கொடுத்தது சுமார் 76 லட்சம் டாலர். 2021இல் 1 கோடியே 88 லட்சத்துக்கும் மேல்.

ஒரே ரசிகர், ஒரே கூடம், இரண்டுமே அபூர்வம். ஆனாலும் ஒன்று இறங்கியது, மற்றது ஏறியது. காத்திருந்த காலம் முதல் வேறுபாடு: ஏழு ஆண்டு எங்கே, பத்தொன்பது ஆண்டு எங்கே! அடுத்தது பொருளின் அடிமதிப்பு. ஆசைப்படுபவர் இல்லையென்றால் தபால்தலை வெறும் காகிதம். நாணயத்தை உருக்கினாலும் ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் தங்கம் மிஞ்சும். ஆனால் அதன் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தங்கமும் சொற்பம்தான். அதற்கும் உண்மையான விலை கொடுத்தது வாங்குபவரின் ஆசையே.

‘அப்படியானால் நாணயம் நல்ல முதலீடுதானே?’ என்று கேட்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும். பத்தொன்பது ஆண்டில் அது சுமார் இரண்டரை மடங்கானது; ஆண்டுக்கு ஐந்து சதவீதம்கூட இல்லை. அதே காலத்தில் சாதாரணத் தங்கக்கட்டியின் டாலர் விலை ஆறு மடங்கானது. மேலும், ஏலத்தில் சொல்லப்படும் தொகையில் ஏலக்கூடத்தின் கமிஷனும் அடக்கம். விற்றவர் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. உலகின் தலைசிறந்த சேகரிப்புக்கே இந்தக் கதி என்றால், நம் அலமாரியில் இருக்கும் கேமராவும் கைக்கடிகாரமும் எம்மாத்திரம்?

அதற்காக ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. அந்தத் தபால்தலையின் பின்புறம் வெய்ட்ஸ்மேன் தன் முதலெழுத்துகளோடு சின்னதாக ஒரு குதிகால் காலணியும் வரைந்து வைத்திருக்கிறார். ஏழு ஆண்டுகள் அவர் அனுபவித்த சந்தோஷம் அதில் தெரிகிறது. கொடுத்த பணத்துக்குக் கிடைத்த பலன் அதுதான். நாமும் மாதா மாதம் சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு தொகையைப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கலாம். கணக்கு நோட்டில் அதைச் செலவுப் பக்கத்திலேயே எழுதுவோம். என்றாவது விற்றுப் பணம் கைக்கு வந்தால், அன்றைக்கு வரவில் எழுதிக்கொள்ளலாம்.