இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் பழங்கணினிப் பற்றும்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கேம்பிரிட்ஜில் இயங்கிய சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று அறிமுகப்படுத்திய 8 பிட் வீட்டுக் கணினி. 1992இல் விற்பனை நிறுத்தப்படும் வரை எல்லா மாடல்களும் சேர்ந்து 50 லட்சத்துக்கு மேல் விற்றன. உற்பத்தி நின்று முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இதற்குப் புதிய ஆட்டங்கள் எழுதப்படுகின்றன. பழுதான பலகைகள் பரணிலிருந்து இறக்கப்பட்டுச் சீராக்கப்படுகின்றன. பழைய வீட்டுக் கணினிகள் மீதும், காசு போட்டு ஆடிய ஆர்கேட் எந்திரங்கள் மீதும் பல நாடுகளில் இன்று காணும் ஏக்கத்தை இந்த ஒரு கருவியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிள்ளைப் பருவ நினைவு அதில் ஒரு பங்குதான். தன் குறைகள் எதையும் ஒளிக்காத எந்திரம் இது. அந்தக் குறைகளோடு மல்லுக்கட்டிக் கணினியைக் கற்றவர்களே இன்று அதைக் காத்துவருகிறார்கள்.

தோற்றம்

நிறுவனர் கிளைவ் சின்க்ளேர் (1940–2021) பையில் அடங்கும் கால்குலேட்டர்களால் முதலில் பெயர் பெற்றவர். 1980இல் அவர் வெளியிட்ட இசட்எக்ஸ்80 என்ற கணினியின் விலை 99.95 பவுண்டு. அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ்81 இன்னும் மலிவு, 69.95 பவுண்டு, அதன் நினைவகம் 1 கே மட்டுமே, திரையில் கறுப்பும் வெள்ளையும்தான். அதே 1981இல் பிபிசி தொலைக்காட்சி தன் கணினிக் கல்வித் திட்டத்துக்கு ஒரு எந்திரத்தைத் தேடியபோது, சின்க்ளேரை முந்திக்கொண்டு கேம்பிரிட்ஜின் இன்னொரு நிறுவனமான ஏகார்ன் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஏகார்னின் பிபிசி மைக்ரோ 'பி' மாடல் 399 பவுண்டுக்கு விற்ற காலத்தில் 48 கே ஸ்பெக்ட்ரம் 175 பவுண்டுக்கும், 16 கே ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கும் வந்தன. இதை மறந்துவிட்டு ஸ்பெக்ட்ரத்தின் செல்வாக்கைப் பேச முடியாது. பிபிசி மைக்ரோவைப் பள்ளிகள் வாங்கின. ஸ்பெக்ட்ரத்தைப் பெற்றோர்கள் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

மின்சுற்றை ரிச்சர்ட் ஆல்ட்வாசர் வடிவமைத்தார். பேசிக் மொழியை எந்திரத்தில் பொருத்தியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். உடன் வந்த கையேட்டை எழுதியதிலும் அவர் பங்கு பெரிது. கறுப்புப் பெட்டி, சாம்பல் நிற ரப்பர் விசைகள், மூலையில் குறுக்கே ஓடும் நால்வண்ணப் பட்டை ஆகியவை ரிக் டிக்கின்சனின் வடிவமைப்பு. உற்பத்தி ஸ்காட்லாந்தின் டண்டி நகரில், டைமெக்ஸ் தொழிற்சாலையில் நடந்தது.

விலையைக் குறைக்க எடுத்த ஒவ்வொரு முடிவும் பலகையைத் திறந்தால் தெரியும். 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலியைச் சுற்றிப் பல சில்லுகள் செய்ய வேண்டிய வேலையை, ஃபெராண்டி நிறுவனம் தயாரித்த யூஎல்ஏ என்ற ஒரே சில்லு செய்தது. 48 கே மாடலின் மேல் 32 கே நினைவகத்துக்குப் பயன்பட்டவை பாதி பழுதான 64 கிலோபிட் சில்லுகள். சோதனையில் ஒரு பாதி தேறாதவற்றை மலிவாக வாங்கி, தேறிய பாதி எது என்று பலகையில் ஒரு கம்பி இணைப்பால் குறித்துப் பொருத்தினார்கள். முதல் பதிப்புப் பலகைகளில் யூஎல்ஏவில் ஒரு பிழை இருந்தது. அதைச் சரிசெய்யச் சிறு சில்லு ஒன்றைக் கால்கள் மேலே இருக்கும்படி கவிழ்த்து ஒட்டிக் கம்பி இழுத்தார்கள்; செத்த கரப்பான் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. இன்றைய சேகரிப்பாளர்கள் அந்தக் கரப்பான் உள்ள பலகையைத் தேடி அலைகிறார்கள்.

திரையும் கேசட்டும்

ஸ்பெக்ட்ரத்தின் திரையில் 256க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக நிறத்தைச் சேமித்தால் 24,576 பைட் வேண்டும். 16 கே மாடலின் மொத்த நினைவகமே 16,384 பைட்தான். ஆகவே புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் 6,144 பைட்டில் வைத்து, 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் எழுத்து நிறம் ஒன்று, பின்னணி நிறம் ஒன்று என்று 768 பைட்டில் நிறத்தைத் தனியே வைத்தார்கள். விளைவாக ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மேல் வர முடியாது. மஞ்சள் சட்டைக்காரன் பச்சைச் செடியைக் கடந்தால் செடி மஞ்சளாகும், அல்லது அவன் பச்சையாவான். இந்த நிற மோதல் ஸ்பெக்ட்ரத்தின் அடையாளம். இதைச் சமாளிக்க ஆட்டம் எழுதியவர்கள் கண்டுபிடித்த வழிகளே அந்த ஆட்டங்களின் ஓவியப் பாணியாகவும் ஆயின. அல்டிமேட் நிறுவனத்தின் நைட் லோர் (1984) அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து மோதலையே இல்லாமல் ஆக்கியது. அந்தத் துணிவால்தான் சாய்கோணத்தில் மூன்று பரிமாணமும் தெரியும் அறைகளை அதனால் காட்ட முடிந்தது. அல்டிமேட்டை நடத்திய ஸ்டாம்பர் சகோதரர்கள் பின்னாளில் ரேர் நிறுவனத்தை உருவாக்கியவர்கள்.

நினைவுகூர்பவர்கள் அதிகம் பேசுவது கேசட்டைப் பற்றி. விசைப்பலகையில் 'ஜே'யை அழுத்தினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் திரையில் வரும். பேசிக் கட்டளைகள் எல்லாம் இப்படி முழுச் சொற்களாகவே விசைகளில் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டு மேற்கோள் குறி, பிறகு என்டர். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டதும் சீரான ஒரு கூவல் எழும். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக நகரும். தகவல் வரத் தொடங்கியதும் கூவல் கரகரப்பாக மாறி, ஓரம் நீலமும் மஞ்சளுமான மெல்லிய கோடுகளாகத் துடிக்கும். அடுத்து முகப்புப் படம். அது மேலிருந்து கீழாக நேராக வருவதில்லை. திரை மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் எட்டுக் கோட்டுக்கு ஒரு கோடாக இடைவெளி விட்டு நிரம்பும். ஏறத்தாழ 40 விநாடியில் கறுப்பு வெள்ளைப் படம் முடிய, கடைசியில் நிறங்கள் மட்டும் கட்டம் கட்டமாக மளமளவென்று இறங்கும். நினைவகத்தில் திரை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்ட முடியாது. முழு ஆட்டமும் ஏற நான்கைந்து நிமிடம் ஆகும். கடைசி நொடியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று வந்துவிட்டால் ஒலி அளவைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி முயல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரெக்கார்டர் தலையின் சாய்வைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நிரல்கள் இதழ்களிலும் அச்சாயின. சின்க்ளேர் யூசர் போன்ற இதழ்கள் வெளியிட்ட பட்டியல்களைப் பிள்ளைகள் வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். ஓர் எண் பிசகினாலும் நிரல் ஓடாது. ஒருவர் இதழைப் படிக்க இன்னொருவர் திரையைச் சரிபார்க்க என்று பிழை தேடிய அந்த வேலைதான் ஒரு தலைமுறைக்கு நிரலெழுதக் கற்பித்தது. பிரிட்டனின் வீடியோ கேம் தொழில் பெருமளவு இப்படி வீட்டு அறைகளில் பிறந்தது. மேத்யூ ஸ்மித் மேனிக் மைனர் (1983) எழுதியபோது அவருக்கு வயது 17. இருபது குகைகள் கொண்ட அந்த ஆட்டத்தில், ஒற்றை பீப் ஒலிப்பானை மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டம் ஓடும்போதே இசையும் ஒலிக்கும்படி செய்திருந்தார். ஒலிக்கென்று தனிச் சில்லு இல்லாததால் செயலியே ஆட்டத்தையும் நடத்திக்கொண்டு இடையிடையே ஒலிப்பானையும் தட்ட வேண்டியிருந்தது.

ஆர்கேட் நிழல்

வீட்டுக் கணினி வாங்கிய பிள்ளைகள் ஆட ஆசைப்பட்டவை பெரும்பாலும் ஆர்கேடில் பார்த்த ஆட்டங்கள். டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978), நாம்கோவில் தோரு இவாடானி உருவாக்கிய பேக்மேன் (1980) ஆகியவற்றின் சாயல்களும் நகல்களும் ஸ்பெக்ட்ரத்தில் உடனே வந்தன. 1982இல் வந்த ஹங்க்ரி ஹோரஸ் பேக்மேனைத் தழுவியதுதான்.

ஆர்கேட் எந்திரங்களும் தங்கள் வரம்பை ஒளிக்கவில்லை. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளோர் வேகமாவது, நகர்த்த வேண்டிய உருவங்கள் குறைந்ததால் எந்திரத்துக்கு ஏற்பட்ட வேலைக் குறைவின் விளைவு. அந்தப் பதற்றம் ஆட்டத்துக்கு நல்லது என்று கண்ட நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவைத்தார். பேக்மேனில் 255 சுற்றுகளைத் தாண்டினால், 8 பிட் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, 256ஆம் சுற்றின் வலப்பாதி தாறுமாறான எழுத்துகளால் நிறைந்துவிடும். அதற்கு மேல் ஆட முடியாது. ஆர்வலர்கள் இவற்றை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால்

சின்க்ளேர் காலடி வைக்காத நாடுகளிலும் ஸ்பெக்ட்ரம் வேரூன்றியது. பிரேசிலில் மைக்ரோடிஜிட்டல் நிறுவனத்தின் டிகே90எக்ஸ், செக்கோஸ்லோவாக்கியாவில் டிடாக்டிக் என்று நகல்கள் கிளைத்தன. இந்தியாவில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸ் மாடலை விற்றது. யூகோஸ்லாவியாவில் வெளிநாட்டுக் கணினிகள் எளிதில் கிடைக்காத 1980களில், பெல்கிரேட் வானொலியின் வென்டிலேட்டர் 202 நிகழ்ச்சியில் ஸோரான் மோட்லி கணினி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பினார். கேட்டவர்கள் அந்தக் கரகரப்பைக் கேசட்டில் பதிந்து தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள்.

சோவியத் ஒன்றியத்தின் கதை இன்னும் வியப்பானது. யூஎல்ஏ சில்லு அங்கே கிடைக்காததால், அது செய்த வேலையைக் கடையில் வாங்கக்கூடிய சாதாரணச் சில்லுகளைக் கொண்டு செய்துகாட்டிப் பொறியாளர்கள் தாங்களே பலகைகளை வரைந்தார்கள். லெனின்கிராட், பென்டகன், ஸ்கார்ப்பியன் எனப் பெயர் பெற்ற அந்த நகல்கள், பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் மறைந்த பிறகும் 1990கள் முழுக்க அங்கே உயிரோடு இருந்தன. பிரிட்டனில் அதிகம் பரவாத பீட்டா டிஸ்க் என்ற வட்டு இணைப்பான் ரஷ்யாவில் எல்லோரும் பின்பற்றும் முறையானது. ரஷ்யர்கள் இன்று ஏங்குவது சின்க்ளேர் என்ற பெயருக்காக அன்று; பற்றவைத்து, பிழை திருத்தி, தாங்களே ஓட வைத்த பலகைக்காக. இந்த ஏக்கத்துக்கு வணிகச் சின்னம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

வீழ்ச்சியும் பாதுகாப்பும்

1986 ஏப்ரலில் சின்க்ளேர் தன் கணினித் தொழிலின் உரிமைகளை 50 லட்சம் பவுண்டுக்கு ஆலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்றார். ஆம்ஸ்ட்ராட் கேசட் பொருத்திய பிளஸ் 2, வட்டு பொருத்திய பிளஸ் 3 மாடல்களை வெளியிட்டுச் சில ஆண்டுகள் விற்றது.

பழைய எந்திரங்கள் தாமாகவே அழிகின்றன. ஸ்பெக்ட்ரத்தின் விசைப்பலகைக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா காய்ந்து, தொட்டாலே விரிசல் விடும், மின்தேக்கிகள் வறண்டுபோகும். கீழ் 16 கே நினைவகச் சில்லுகளுக்கு +12, +5, −5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். −5 நின்றால் சில்லுகள் சூடேறிச் சாகும். நல்ல பலகையில் மின்சாரம் கொடுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வெளுத்து, அடியில் 1982 ஆண்டுடன் சின்க்ளேர் பெயர் தோன்றும். கோடுகளும் கட்டங்களும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கீழ் நினைவகத்தை. ஆர்கேட் பலகைகளின் நிலை இன்னும் மோசம். காப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 பலகையில் மறைகுறியீட்டுச் சாவி ஒரு மின்கலத்தின் தயவில் நிற்கிறது. மின்கலம் தீர்ந்தால் ஆட்டமும் போயிற்று. ஆர்வலர்கள் அந்த மறைகுறியை உடைத்திராவிட்டால் பல எந்திரங்கள் வெறும் மரப்பெட்டிகளாகியிருக்கும்.

இத்தகைய இழப்பைத் தடுக்க நிக்கோலா சால்மோரியா 1997இல் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர், ஆயிரக்கணக்கான ஆர்கேட் ஆட்டங்களின் மின்சுற்றை மென்பொருளில் பதிவுசெய்திருக்கிறது. ஸ்பெக்ட்ரத்துக்கும் எமுலேட்டர்கள் ஏராளம். ஆம்ஸ்ட்ராட் 1999இல் ரோம் நிரல்களை, அதாவது எந்திரத்திலேயே பதிந்த பேசிக்கையும் அடிப்படை நிரல்களையும், எமுலேட்டரோடு சேர்த்து வழங்க அனுமதித்தது பெரிய உதவி. கிறிஸ் ஸ்மித் யூஎல்ஏ சில்லின் உட்கட்டமைப்பை முழுவதுமாக ஆராய்ந்து 2010இல் நூலாக்கினார். ரிக் டிக்கின்சனின் வடிவமைப்பில் ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்ற புதிய கணினிக்காக 2017இல் பொதுமக்களிடம் திரட்டிய தொகை 7 லட்சம் பவுண்டைத் தாண்டியது. எந்திரம் 2020இல் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது டிக்கின்சன் உயிரோடு இல்லை. 2024 நவம்பரில் ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் ரப்பர் விசைகளோடு, 48 ஆட்டங்கள் உள்ளடங்கிய மறுபதிப்பை விற்பனைக்கு விட்டது. அது நன்றாகவே செய்யப்பட்ட பொருள். ஆனால் கேசட் ரெக்கார்டரை இணைக்கும் துளை அதில் இல்லை.

இன்னும் தீராத சிக்கல் ஆட்டங்களின் உரிமை. 1980களின் சிறு பதிப்பகங்கள் பல மூடப்பட்டுவிட்டன; எழுதியவர்கள் கையில் ஒப்பந்தம் கிடையாது; அனுமதி யாரிடம் கேட்பது என்பதே தெரியாத ஆட்டங்கள் நிறைய. சில உரிமையாளர்கள் தாங்கள் விற்காத ஆட்டங்களைப் பிறர் இலவசமாக வழங்குவதையும் தடுத்திருக்கிறார்கள். காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும் கேசட்டுகளை ஆர்வலர்கள் தொடர்ந்து மின்னணுக் கோப்புகளாக மாற்றி வருகிறார்கள். கேம்பிரிட்ஜில் உள்ள கணினி வரலாற்று மையம் பழைய எந்திரங்களை ஓடும் நிலையிலேயே வைத்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் அவற்றில் ஆடியும் பார்க்கலாம்.