ஆரியங்காவு: சுமை போன வழியில் சுற்றுலா

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரு மதில் மாதிரிதான் தெரியும். அய்யனார் அருவி வரை போகலாம், செண்பகத்தோப்பு வரை போகலாம். அதற்கு மேல் 1988-ல் இருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் இருந்து புலிகள் காப்பகம். வனத்துறை விட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அப்படியானால் நம் ஊர்க்காரர்கள் மலைக்கு எங்கே போகிறார்கள்? நேரே தெற்கே, தென்காசி பஸ் ஏறிவிடுகிறார்கள்! இந்தக் கட்டுரை அந்த ரோடு முடியும் இடத்தைப் பற்றியது.

நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் ரோடு தேசிய நெடுஞ்சாலை 744 (பழைய எண் 208, பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்). திருமங்கலத்தில் தொடங்கி சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கொல்லத்தில் கடலைத் தொடுகிறது. மதில் சட்டென்று தாழ்ந்து வழி விடும் அந்த இடம்தான் ஆரியங்காவு கணவாய். புவியியல் புத்தகத்தில் செங்கோட்டை கணவாய் என்று இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் பாண்டி நாட்டுக்கும் கொல்லத்துக்கும் இடையே அந்த அளவு முக்கியம்.

ஒரு காலத்தில் அங்கே யாரும் உல்லாசமாகப் போகவில்லை. போனது சுமை. இங்கிருந்து துணியும் தானியமும் அந்தப் பக்கம், அங்கிருந்து மிளகும் தேங்காயும் இந்தப் பக்கம். காமர்ஸ் படிப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் கண்ணில் படுகிறது :-) அந்த வியாபாரம் விட்டுப்போன தடயங்களில் மிக அழகானது ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் இருக்கிறது. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரசருக்குத் துணி கொண்டுபோன ஒரு சௌராஷ்டிர வியாபாரியின் மகள் புஷ்கலையை சாஸ்தா மணந்துகொண்டார் என்பது கோயில் கதை. ஒவ்வொரு மார்கழியிலும் திருக்கல்யாணம் நடக்கும்போது மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக, சம்பந்தி மரியாதையோடு போய் நிற்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு வியாபாரப் பாதை சொந்தபந்தமாக மாறியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ரயில். சென்னை மாகாண அரசு, திருவிதாங்கூர் சமஸ்தானம், தென்னிந்திய ரயில்வே மூன்றும் சேர்ந்து செலவு செய்து போட்ட கொல்லம் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. திருவிதாங்கூருக்கு அதுதான் முதல் ரயில். மலையைக் குடைந்து குகைகள், பள்ளத்தாக்கைத் தாண்டப் பாலங்கள், ஏற்றத்தில் தள்ளிவிடப் பின்னால் இன்னொரு எஞ்சின். கழுதுருட்டி அருகே உள்ள பதிமூன்று கண் பாலத்தை இன்று பார்ப்பவர்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். கட்டியவர்கள் நினைத்தது சரக்கை மட்டும்தான். நம் ஊர்களுக்கு விருதுநகர் - தென்காசி பாதை 1927-ல் வந்தது. அதன்பிறகு ராஜபாளையத்தில் ரயில் ஏறியவர் மாட்டுவண்டி தேடாமலே கணவாய் வரை போக முடிந்தது.

மாறுதல் தொடங்கியது கணவாயின் கிழக்கு ஓரத்தில், குற்றாலத்தில். காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றை மற்ற இடங்களில் மலை தடுத்துவிடுகிறது, அதனால்தான் ஆனி ஆடியில் நமக்கு வெறும் மேகமும் காற்றும் மட்டும் கிடைக்கிறது. கணவாயில் மட்டும் அது உள்ளே நுழைந்து சாரலாக விழுகிறது. (அதே காற்றைத்தான் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் கரண்ட் ஆக்குகின்றன.) கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் குற்றாலத்தில் முதலில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். பிறகு வெயிலுக்கு ஒதுங்கும் ஊராகவே வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் ரசிகமணி டி.கே.சி. அங்கேயே குடியேற, ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிப் போனார்கள். அருவியில் குளிப்பதும் கவிதை பேசுவதும் ஒரே நாளின் வேலையாக இருந்த காலம்!

1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ஆரியங்காவு கேரளத்தில் நின்றுவிட்டது. அதற்கு முன் எல்லை தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருந்தது. 'பிரானூர் பார்டர்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த பார்டர் அதுதான். எல்லை மலைக்கு நகர்ந்து எழுபது வருஷம் ஆகப்போகிறது, பெயர் மட்டும் புரோட்டாக் கடைகளோடு அங்கேயே தங்கிவிட்டது. புது எல்லைக்குச் செக்போஸ்ட் வந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது வணிகவரிச் சோதனை போனது, போலீஸ் சோதனை புளியரையில் இன்றும் இருக்கிறது.

இப்போது கணவாய்க்கு சீசன் இல்லாத மாதம் குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல், ரம்புட்டான், மங்குஸ்தான். ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழைக்கு மறுபடி அருவி. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர்கள் அச்சன்கோவில், ஆரியங்காவு, குளத்துப்புழை என்று கிளம்பிவிடுவார்கள். கோடையில் கேரளப் பக்கம் தென்மலை அணை, செந்துருணி காடு. 2010-ல் மீட்டர்கேஜ் நின்று, 2018-ல் அகலப்பாதை திறந்தபின் ரயில் பயணமே ஒரு சுற்றுலா ஆகிவிட்டது. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தவர்தான் பாக்கியசாலி.

ஆனால் கூட்டம் பெருகியதும் தண்ணீரே சரக்காகிவிட்டது. எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்கு அருவியில் நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. அதைவிட மோசம், சில ரிசார்ட்டுகள் ஓடையைத் திருப்பித் தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கை அருவி வைத்துக்கொண்டது. 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு எதிராக உத்தரவிட்டது. கணவாய் எந்தக் காலத்திலும் ஒருவருடைய சொத்தாக இருந்ததில்லை. சுமை தூக்கிப் போனவனும் சுங்கம் கட்டினால் வழி கிடைத்தது. அருவியை மட்டும் ரூம் வாடகையோடு சேர்த்து விற்பது என்ன நியாயம்?

2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. சீசன் தொடங்காத மாதம், கோடை மழை மேலே காட்டில் பெய்திருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள், திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசனில் கூட்டமும் போலீஸும் சேர்ந்தே வரும். வருஷம் முழுக்க ஆள் வரும் இடமாக ஆனபின், காவலும் எச்சரிக்கையும் இன்னும் மூன்று மாதக் கணக்கிலேயே இருந்தால் எப்படி? அருவியின் தலைப்பில் மழை பெய்தால் அடிவாரத்துக்குச் சேதி சொல்ல, தண்ணீரை முந்திக்கொண்டு வரும் ஏற்பாடு ஒன்று வேண்டும். மே மாதத்திலும், செவ்வாய்க்கிழமையிலும்.